இருபது நிமிடப் பாட்டு எதற்கு? புரோகிரெசிவ் மெட்டலும் நீளக் கணக்கும்

புதிய புரோகிரெசிவ் மெட்டல் ஆல்பம் ஒன்றின் பாட்டுப் பட்டியல் வெளியானால், பெரும்பாலான ரசிகர்களின் கண் முதலில் போவது பக்கத்தில் இருக்கும் நிமிடக் கணக்குக்குத்தான். 2025 பிப்ரவரியில் வந்த டிரீம் தியேட்டர் என்ற அமெரிக்கக் குழுவின் 'பாராசோம்னியா'வில் கடைசிப் பாட்டு 19 நிமிடத்தைத் தாண்டுகிறது. இப்படி ஒன்று வரும்போதெல்லாம் பழைய வழக்கு மறுபடி கிளம்பும். நீளமாக இருந்தால்தான் அசல் புரோக் (புரோகிரெசிவ் என்பதன் சுருக்கம்) என்று ஒரு கட்சி. ஐந்து நிமிடத்தில் சொல்லத் தெரியாதவர்கள்தான் இருபது நிமிடம் இழுப்பார்கள் என்று இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியுமே 'நீளமான பாட்டு' என்பதை ஒரே வகைச் சரக்காக எடுத்துக்கொள்கின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பெயருக்குள் குறைந்தது மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் வழக்கு பாதி தீர்ந்துவிடும்.

## சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

புரோகிரெசிவ் மெட்டல் என்பது 1970களின் புரோகிரெசிவ் ராக்கையும் ஹெவி மெட்டலையும் சேர்த்துக் கட்டியது. முன்னதிலிருந்து கதை சொல்லும் ஆசை, தாள மாற்றங்கள், பல பகுதிகள் கொண்ட அமைப்பு. பின்னதிலிருந்து டிஸ்டார்ஷன் கிட்டார் (ஒலியைக் கரகரப்பாக்கி வாசிப்பது), வேகம், எடை. 1980களின் நடுவில் ஃபேட்ஸ் வார்னிங், குயின்ஸ்ரைக் போன்ற அமெரிக்கக் குழுக்களிடம் இது தனி வடிவம் எடுத்தது. 1992இல் டிரீம் தியேட்டரின் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' வந்த பிறகு பரவலாகத் தெரிந்தது.

இந்த இசையைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் சொற்கள் மூன்று. ரிஃப் என்றால் திரும்பத் திரும்ப வாசிக்கப்படும் கிட்டார் துணுக்கு. மெட்டலின் செங்கல் அதுதான். மோட்டிஃப் என்றால் ஒரு பாட்டுக்குள் பல இடங்களில், சில சமயம் வேஷம் மாற்றிக்கொண்டு, திரும்பி வரும் சின்ன மெட்டு. ஸ்வீட் என்றால் பல பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட படைப்பு.

நீளத்துக்கு எல்லை வகுத்தவர் யாருமில்லை. இந்தக் கட்டுரையின் வசதிக்காக 6 நிமிடத்துக்குள் என்றால் குட்டிப் பாட்டு, 15 நிமிடத்துக்கு மேல் என்றால் நீளப் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் எட்டு, பத்து நிமிடப் பாட்டுகள்தான் இந்த இசையின் அன்றாட அளவு. அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

## நீளத்தைத் தீர்மானித்தது தட்டு

பாட்டு என்றால் மூன்று நிமிடம் என்பது இசையின் இயற்கை விதி ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடிய 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அடங்கும். பாட்டு அதற்குள் முடிந்தாக வேண்டும். 1948இல் எல்.பி. என்ற நீண்ட நேர இசைத்தட்டு வந்ததும் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. புரோக் இசையின் 'காவிய' அளவு ஏன் எப்போதும் 18 முதல் 23 நிமிடத்தில் வந்து நிற்கிறது என்பதற்கு விடை இதுதான்: ஒரு பக்கம் நிறைய ஒரு பாட்டு. 1972இல் யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' சுமார் 18 நிமிடம். 1976இல் ரஷ் குழுவின் '2112' சுமார் இருபதரை நிமிடம். இரண்டுமே தத்தம் ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. 1972இலேயே ஜெத்ரோ டல் இரண்டு பக்கத்தையும் ஒரே பாட்டால் நிரப்பியது. நடுவில் தட்டைத் திருப்பிப் போட வேண்டும் என்பதால் அங்கே மட்டும் ஒரு வெட்டு.

அப்புறம் சி.டி. வந்தது, 74 நிமிடம், பிறகு 80. கூரை உயர்ந்ததும் மெட்டல் குழுக்கள் அதைத் தொட்டுப் பார்த்தன. 1996இல் எட்ஜ் ஆஃப் சானிட்டியின் 'கிரிம்சன்', 40 நிமிடம் ஓடும் ஒரே பாட்டு. 1997இல் ஃபேட்ஸ் வார்னிங் ஒரு முழு ஆல்பத்தையே 12 பகுதி கொண்ட ஒற்றைப் படைப்பாக வெளியிட்டது. 2002இல் டிரீம் தியேட்டர் இரண்டாவது தட்டு முழுவதையும் 42 நிமிடப் படைப்பு ஒன்றுக்கு ஒதுக்கியது. இணையப் பதிவிறக்கம் வந்தபின் கூரையே இல்லை. டூல் குழுவின் 2019 ஆல்பம் சி.டி.யில் 79 நிமிடம்; டிஜிட்டல் வடிவத்தில் இடைச்செருகலாக மூன்று சின்ன இசைத் துண்டுகள் சேர்ந்து 86 நிமிடம்.

இதிலிருந்து ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. 'கிரிம்சன்' 40 நிமிடம், ஒரே டிராக். டிரீம் தியேட்டரின் 42 நிமிடம் எட்டு டிராக்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மெஷுகா என்ற ஸ்வீடன் குழுவின் 2005 ஆல்பம் 47 நிமிடம் இடைவெளியில்லாமல் ஓடும் ஒரே படைப்பு. தட்டில் 13 டிராக். இதில் எது நீளப் பாட்டு? டிராக்குக்குக் கோடு போடுவது தயாரிப்பு மேசையில் நடக்கிற வேலை. காதுக்கு அந்தக் கோடு தெரியாது. ஆகவே பட்டியலில் இருக்கும் நிமிடத்தை வைத்து எந்தப் பாட்டையும் எடைபோட முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

## மூன்று வகை நீளம்

1. இழுத்தது. ஐந்து நிமிடத்துக்கான சரக்கு இருக்கிறது. ரிஃபை இரண்டு தடவைக்குப் பதில் எட்டுத் தடவை வாசித்து, கிட்டார் தனி ஆவர்த்தனத்துக்குப் பின் கீபோர்டு தனி ஆவர்த்தனம், அதற்குப் பின் இருவரும் சேர்ந்து ஒன்று என்று போட்டுப் பன்னிரண்டு நிமிடமாக்குவது.

2. ஒட்டியது. நல்ல சரக்கே ஆறேழு பாட்டுக்கு இருக்கிறது. அவற்றுக்கு நடுவே இருக்க வேண்டிய மௌனத்தை எடுத்துவிட்டு ஒன்றாகச் சேர்ப்பது. ரயில் பெட்டிகளைக் கோத்த மாதிரி. எந்தப் பெட்டியைக் கழற்றினாலும் மற்றவை ஓடும்.

3. வளர்ந்தது. முதல் இரண்டு நிமிடத்தில் விதைத்த மெட்டு அல்லது தாளம், பாட்டு முழுக்க உருமாறி, பதினெட்டாவது நிமிடத்தில் வேறொரு அர்த்தத்தோடு திரும்பி வருவது. நடுவில் ஒரு பகுதியை எடுத்தால் கடைசிப் பகுதி புரியாமல் போகும்.

நீளப் பாட்டை வெறுப்பவர்கள் முதல் வகையை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கொண்டாடுபவர்கள் மூன்றாவதை. உண்மையில் அதிகமாக எழுதப்படுவது இரண்டாவது. வழக்கு தீராமல் இழுத்துக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வகை மோசம் என்று சொல்ல வரவில்லை. ஓபெத் குழுவின் 1996 ஆல்பமான 'மார்னிங்ரைஸ்' ஐந்தே பாட்டு, 66 நிமிடம். ஐந்துமே பத்து நிமிடத்துக்கு மேல். அதில் இருபது நிமிடம் ஓடும் 'பிளாக் ரோஸ் இம்மார்ட்டல்' கிட்டத்தட்ட முழுக்க ஒட்டு வேலைதான். ஒரு ரிஃப் வருகிறது, அழகாக இருக்கிறது, போய்விடுகிறது. பெரும்பாலானவை திரும்பி வருவதே இல்லை. ஆனாலும் அந்த ரிஃப்கள் ஒவ்வொன்றும் நல்ல ரிஃப். 2005இல் அதே குழு செய்த 'கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்' அதில் பாதி நேரம்தான், பத்தரை நிமிடம். அதில் பகுதிகள் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பேசிக்கொள்கின்றன. நேரம் குறைந்தது, பாட்டு பெரிதானது.

## நீளம் தருவது தூரம்

ஒரு மெட்டை முதன்முதலில் கேட்பதற்கும், அதே மெட்டை மறுபடி கேட்பதற்கும் இடையில் எவ்வளவு நடந்திருக்கிறது? மூன்று நிமிடப் பாட்டில் பல்லவி ஒரு நிமிட இடைவெளியில் திரும்பும்; நமக்கு இன்னும் மறக்கவே இல்லை. அது தரும் இன்பம் பரிச்சயத்தின் இன்பம். இருபது நிமிடப் பாட்டில் அதே மெட்டு பத்தொன்பதாவது நிமிடத்தில் வந்தால் பாதி மறந்துபோயிருக்கும். 'இதை எங்கேயோ கேட்டோமே' என்று மனம் தேடிக் கண்டுபிடிக்கிற அந்தக் கணம் குட்டிப் பாட்டில் கிடைக்காது. நீளம் இசைக்கு வாங்கித் தருவது இந்தத் தூரத்தைத்தான். இதைப் பயன்படுத்தாத நீளப் பாட்டு, எவ்வளவு சாமர்த்தியமாக வாசிக்கப்பட்டாலும், இடைவெளியில்லாத குட்டிப் பாட்டுகளின் வரிசைதான்.

டிரீம் தியேட்டரின் 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' இதற்கு நல்ல சான்று. 1989இலேயே எழுதப்பட்டது, 1992 ஆல்பத்தில் சேர்க்கப் பதிவு நிறுவனம் இசையவில்லை, ரசிகர்கள் கேட்டுக் கேட்டு 1995இல் தனியாக வெளிவந்தது. 23 நிமிடம், ஏழு பகுதி. ஒரு மனிதனின் பிறப்பிலிருந்து முதுமை வரை. பாடல் வரிகளை எழுதிய டிரம்மர் மைக் போர்ட்னோய் தன் தாயை விமான விபத்தில் இழந்தவர். நடுப்பகுதியில் அந்த இழப்பு வருகிறது. தொடக்கத்தில் அக்குஸ்டிக் கிட்டாரில் ஒரு மெல்லிய துணுக்கு கேட்கிறது. அப்போது அதற்கு எந்த அர்த்தமும் இல்லை, வெறும் தொடக்கம். இருபது நிமிடத்துக்கு மேல் கடந்து, குழந்தைப் பருவமும் இழப்பும் கோபமும் எல்லாம் வந்து போன பிறகு, அதே துணுக்கு திரும்பி வருகிறது. ஒரு சுரம்கூட மாறவில்லை. கேட்பவர் மாறியிருக்கிறார். இதை ஐந்து நிமிடத்தில் சுருக்கினால் துணுக்கு மிஞ்சும், திரும்பி வந்ததன் கனம் மிஞ்சாது.

ரஷ் குழுவின் அனுபவம் இன்னும் தெளிவான பரிசோதனை மாதிரி அமைந்துவிட்டது. 1975இல் வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 'தி ஃபவுண்டன் ஆஃப் லாம்னெத்'. ஆல்பம் சரியாக விற்கவில்லை. குட்டிப் பாட்டு எழுதுங்கள் என்று நிறுவனம் அழுத்தம் கொடுத்தது. குழு மறுத்து, அடுத்த ஆண்டே மறுபடி ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு போட்டது. அதுதான் '2112'. அது அவர்களைக் காப்பாற்றியது. அதே மூன்று பேர், அதே இருபது நிமிடம். முதலாவது ஒட்டு, பகுதிகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாட்டாக நிற்கின்றன. இரண்டாவது தொடக்கத்திலேயே வாத்திய முன்னுரை ஒன்று வைத்து, பின்னால் வரப்போகும் மெட்டுகளை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. பிறகு அவை வரும்போது காது அடையாளம் கண்டுகொள்கிறது.

'2112'வில் இன்னொரு இடத்தையும் உற்றுக் கவனிக்க வேண்டும். கதைப்படி, இசை தடைசெய்யப்பட்ட எதிர்கால உலகில் ஒருவன் குகையில் பழைய கிட்டார் ஒன்றைக் கண்டெடுக்கிறான். தண்ணீர் விழும் சத்தம். குழுவின் கிட்டார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சன் சுருதி சேராத கம்பிகளைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். ஒவ்வொரு கம்பியாகத் திருகி ஏற்றுகிறார். இரண்டு சுரம் பொருந்துகிறது. அப்புறம் ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். அது மெதுவாக ஒரு மெட்டாகிறது. கிட்டாரைப் பார்த்தேயிராதவன் அதை வாசிக்கக் கற்றுக்கொள்வதை நாம் கூடவே உட்கார்ந்து கேட்கிறோம். நான்கு நிமிடப் பாட்டில் ஒரு நிமிடத்தைச் சுருதி சேர்க்கச் செலவிட எந்தக் குழுவும் துணியாது. இருபது நிமிடப் பாட்டு துணிகிறது, அதனால்தான் அடுத்து அவன் அந்த உலகை ஆளும் பூசாரிகளிடம் கிட்டாரைக் கொண்டுபோய்க் காட்டி அவமானப்படும்போது நமக்கு வலிக்கிறது.

## தாளம் கேட்கும் நேரம்

கதை, உணர்ச்சி எல்லாம் இருக்கட்டும். சில இசைச் சரக்குக்குக் கணக்குப்படியே நேரம் தேவைப்படுகிறது. மெஷுகா பிரபலப்படுத்திய முறை இது: டிரம்ஸில் ஒரு கை சாதாரண நாலு தட்டுத் தாளத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும், கிட்டாரும் கால் டிரம்மும் அதற்குப் பொருந்தாத நீளத்தில் ஒரு ரிஃபைச் சுழற்றும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

1. நாலு தட்டு, ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் ஒரு ஆவர்த்தனத்துக்கு 16 மாத்திரை.
2. ரிஃபின் நீளம் 17 மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் அது தாளத்திலிருந்து ஒரு மாத்திரை நழுவும்.
3. இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் சேர 16 × 17 = 272 மாத்திரை ஆகும். அதாவது ரிஃப் 16 தடவை, தாளம் 17 ஆவர்த்தனம்.
4. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு ஆவர்த்தனம் 2 விநாடி. ஆக ஒரு முழுச் சுற்றுக்கு 34 விநாடி.
5. நழுவிப்போனது திரும்பிச் சேர்ந்தது என்று காதுக்கு உறைக்கக் குறைந்தது இரண்டு சுற்று வேண்டும். ஒரே ஒரு ரிஃபுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல்.

இப்படி நாலு ரிஃப், நடுவே மூச்சுவிட ஒரு பகுதி என்றால் ஐந்தாறு நிமிடம் தானாக வந்துவிடும், யாரும் இழுக்கவில்லை. மெஷுகா 2004இல் வெளியிட்ட ஒற்றைப் பாட்டு 21 நிமிடம் ஓடுகிறது. அதற்கு மாற்றும் உண்டு. பல பாட்டுகளில் எட்டு ஆவர்த்தனம் முடிந்ததும் ரிஃபை நடுவிலேயே வெட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். மேலே சொன்ன கணக்கில் எட்டு ஆவர்த்தனம் என்றால் 128 மாத்திரை. ரிஃப் ஏழு தடவை முழுதாக வந்து, எட்டாவது தடவை 9 மாத்திரையில் துண்டாகும். அந்த வெட்டு தரும் அதிர்ச்சி தனி ருசி. நேரத்தைச் சுருக்கும்போது இசை எதையும் இழக்காமல் வேறொன்றாக மாறுவதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

## குட்டிப் பாட்டு பலவீனமானது இல்லை

சிக்கலாக எழுத நீளம் வேண்டும் என்பது பொய். டிரீம் தியேட்டரின் 1999 ஆல்பத்தில் உள்ள 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' வாத்திய இசை ஆறு நிமிடத்தைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. அதற்குள் தாளக்குறி நூறு தடவைக்கு மேல் மாறுவதாக அதை எழுதி எண்ணிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சினிக் குழுவின் 1993 ஆல்பமான 'ஃபோகஸ்' மொத்தமே 36 நிமிடம், எட்டுப் பாட்டு. டெத் மெட்டல் என்ற கரடுமுரடான மெட்டல் வகையையும் ஜாஸையும் அதுவரை யாரும் செய்யாத விதத்தில் சேர்த்த ஆல்பம் அது. ஒரு பாட்டில் வரும் யோசனைகளைப் பிரித்தால் வேறு குழுவுக்கு ஒரு ஆல்பம் எழுதலாம். அதன் அடர்த்திதான் அழகு. இரட்டிப்பு நீளமாக்கினால் நீர்த்துப்போகும்.

கதை சொல்லவும் நீளப் பாட்டு கட்டாயமில்லை. குயின்ஸ்ரைக் 1988இல் செய்த 'ஆபரேஷன்: மைண்ட்கிரைம்' பெரும்பாலும் அளவான பாட்டுகளாலேயே ஒரு முழுக் கதையை நடத்துகிறது. பத்து நிமிடத்தைத் தாண்டுவது ஒன்றே ஒன்று, அதுவும் கதையின் திருப்புமுனையில். எல்லாமே நீளமாக இருந்திருந்தால் அந்தத் திருப்பத்துக்கு மரியாதை இருந்திருக்காது.

## நீளம் தோற்கும் இடங்கள்

முக்கியமான இடம் சத்தம். டிஸ்டார்ஷன் என்பது கிட்டாரின் ஒலி அலையை மேலும் கீழும் வெட்டித் தட்டையாக்குவது. மெதுவாக மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் வெளியே வரும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவு. பியானோவிலோ வயலினிலோ இருக்கும் மெல்லினம், வல்லினம் இதில் தானாக அமையாது. அதன்மேல் இன்றைய தயாரிப்பு முறையில் முழுப் பாட்டையும் அமுக்கிச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். நாலு நிமிடத்துக்கு அது உற்சாகம். இருபது நிமிடத்துக்கு அது களைப்பு. காது ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிடும். ஆகவே நீளப் பாட்டு எழுதுபவர் ஒலியையே மாற்றியாக வேண்டும். ஓபெத் திடீரென்று டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டு அக்குஸ்டிக் கிட்டாருக்கு இறங்குவது அலங்காரம் இல்லை. ஏறுவதற்கு இடம் வேண்டும், அதற்காகத்தான் இறக்கம். டிரீம் தியேட்டரின் 2005 படைப்பான 'ஆக்டவேரியம்' 24 நிமிடம். மின்னணு விசைப்பலகையும் மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாருமாக நிதானமாகத் தொடங்கி, நிமிடக்கணக்கில் மெட்டல் வாடையே இல்லாமல் நடக்கும். படிப்படியாக ஏறி, கடைசியில் பாடகர் ஜேம்ஸ் லாப்ரி கத்தும் இடத்துக்கு வரும்போது அந்தக் கத்தலுக்கு இருபது நிமிட உயரம் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தனி ஆவர்த்தனங்கள் வாசிப்பவரின் விரலைக் காட்டுவதற்காக மட்டும் இருந்தால் பாட்டு அங்கே நின்றுபோகிறது. பகுதிக்குப் பகுதி இணைப்பு எழுதாமல் டிரம் உருட்டு ஒன்றைப் போட்டுத் தாண்டினால் ஒட்டு வெளியே தெரிகிறது. முடிவைக் கட்டாமல், பிரமாண்டமான கார்டுகளை நிமிடக்கணக்கில் நிறுத்திவைத்தால் அது முடிவு மாதிரி இருக்கும், முடிவாக இருக்காது.

## காசும் மேடையும்

நீளப் பாட்டு பணத்துக்காக என்று யாராவது சொன்னால் கணக்கைக் காட்டலாம். அமெரிக்காவில் தட்டுக்கும் பதிவிறக்கத்துக்கும் பாட்டெழுதியவருக்குத் தரவேண்டிய சட்டப்படியான உரிமத்தொகை 2006 முதல் 2022 வரை ஒரு பிரதிக்கு 9.1 சென்ட், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நிமிடத்துக்கு 1.75 சென்ட். அதாவது 20 நிமிடப் பாட்டுக்கு 35 சென்ட். அந்த முறையில் நீளத்துக்கு ஓரளவு மதிப்பு இருந்தது. ஸ்ட்ரீமிங்கில் அது பெரும்பாலும் போய்விட்டது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு என்று கணக்கு. 20 நிமிடப் பாட்டை முழுதாகக் கேட்டாலும் ஒரே ஒரு கேட்பு; அதே நேரத்தில் நாலு நிமிடப் பாட்டு ஐந்து கேட்டால் ஐந்து. இன்றைக்கும் இருபது நிமிடம் எழுதும் குழு தெரிந்தே நஷ்டப்படுகிறது. இதை நீளத்துக்கான வாதமாகச் சொல்லவில்லை, ஆனால் அவர்களின் நோக்கத்தைச் சந்தேகிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

வானொலி எப்போதுமே நீளத்துக்கு எதிரி. டிரீம் தியேட்டரை வெளியுலகுக்குக் காட்டிய 'புல் மீ அண்டர்' எட்டு நிமிடத்துக்கு மேல். ஒளிபரப்புக்காக வெட்டிச் சுருக்கப்பட்டது. விதிவிலக்கு டூல். 2019இல் அவர்களின் பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட 'ஃபியர் இனாக்குலம்' அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் முதல் நூறு பாட்டுப் பட்டியலில் 93ஆம் இடத்தில் நுழைந்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற மிக நீளமான பாட்டு என்ற பெயர் 2023 வரை அதற்கே இருந்தது.

மேடையில் கணக்கு இன்னும் கறார். இரண்டு மணி நேர நிகழ்ச்சி நடத்தும் பெரிய குழு 20 நிமிடப் பாட்டைத் தாங்கும். அதற்கு முன்னால் மேடையேறி அரை மணி நேரமே கிடைக்கும் முதல் குழு அதை வாசித்தால் வேறெதற்கும் நேரமில்லை. புதிய குழுக்களின் பாட்டுகள் சுருங்கிவருவதற்கு ரசனையை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

## 'சிறந்த பாட்டு' பட்டியல்களில் நீளம் ஏன் ஜெயிக்கிறது?

ரசிகர்கள் போடும் பட்டியல்களில் மேலே நிற்பவை பெரும்பாலும் நீளமானவை. அதை வைத்து நீளம் உயர்ந்தது என்று முடிவு கட்டுவதில் மூன்று ஓட்டை இருக்கிறது.

1. மிஞ்சியவை மட்டும் கண்ணில் படுகின்றன. 1990களின் பிற்பாதியில் சிம்பொனி எக்ஸ் குழு செய்த இருபது நிமிடப் பாட்டு நினைவில் இருக்கிறது. தோற்றுப்போன நூற்றுக்கணக்கான இருபது நிமிடப் பாட்டுகள் யாருக்கும் நினைவில்லை.
2. நீளப் பாட்டு பெரும்பாலும் ஆல்பத்தின் கடைசியில் வைக்கப்படுகிறது. உச்சமாக உணர வேண்டும் என்று இடமே சொல்லிவிடுகிறது.
3. 24 நிமிடப் பாட்டைப் பத்து முறை கேட்டவர் நாலு மணி நேரம் செலவழித்திருக்கிறார். அவ்வளவு நேரம் கொடுத்த ஒன்றைச் சுமார் என்று சொல்ல மனம் வராது.

இந்த மூன்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் என் தீர்ப்பு இப்படி இருக்கும்: கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு புரோகிரெசிவ் மெட்டல் பாட்டை எடுத்தால், குட்டிப் பாட்டு நன்றாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஐந்து நிமிடத்தில் சறுக்க இடம் குறைவு. ஆனால் இந்த இசை எட்டிய உச்சங்களை மட்டும் எடுத்தால், அங்கே நிற்பவை வளர்ந்த வகை நீளப் பாட்டுகள். தூரம் தரும் அந்த அனுபவம் வேறு வழியில் கிடைப்பதில்லை.

## எப்படிச் சோதிப்பது?

கேட்கும்போது கையாள எளிய முறைகள் சில. பாட்டின் நடுவிலிருந்து நாலு நிமிடத்தைத் தாண்டிவிட்டு முடிவைக் கேளுங்கள். முடிவு அதே கனத்தோடு இருந்தால் அந்த நாலு நிமிடம் தேவைப்படவில்லை. முதல் மூன்று நிமிடத்தில் வந்த மெட்டு ஒன்றை முணுமுணுத்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் எங்கே, எந்த வேஷத்தில் வருகிறது என்று பாருங்கள். வரவே இல்லையென்றால் ஒட்டு. வந்தும் எதுவும் மாறவில்லையென்றால் இழுவை.

ஒரே சரக்கை இரண்டு அளவில் கேட்கவும் வழி இருக்கிறது. டிரீம் தியேட்டர் 1992 ஆல்பத்தில் 'மெட்ரோபோலிஸ்' என்று ஒன்பதரை நிமிடப் பாட்டு ஒன்றைப் 'பகுதி 1' என்று பெயரிட்டு வெளியிட்டது. அதன் இரண்டாம் பகுதியாக 1990களின் நடுவில் 21 நிமிடத்தில் ஒரு சோதனைப் பதிவு செய்தார்கள், அப்போது வெளியாகவில்லை. அதையே விரித்து, 1999இல் 12 டிராக், 77 நிமிடம் கொண்ட முழு ஆல்பமாக்கினார்கள். அந்தச் சோதனைப் பதிவும் பின்னாளில் குழுவின் சொந்த வெளியீடாக வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், 21 நிமிடத்தில் நெருக்கியடித்து ஓடிய மெட்டுகள் 77 நிமிடத்தில் எங்கெங்கே போய் உட்கார்ந்தன, எவை கழித்துக்கட்டப்பட்டன என்று தெரியும். அந்த 77 நிமிடத்துக்குள் ஆறு நிமிட 'டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி'யும் இருக்கிறது, பத்து நிமிடத்தைத் தாண்டும் பாட்டுகளும் இருக்கின்றன. அந்த ஆல்பத்தில் எது குட்டி, எது நீளம் என்று பிரிக்க நினைத்தால் கோடு எங்கே போடுவது என்றே தெரியாது.